சானிடைசர் பதிவேடு

கயிறு இழுக்கும் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஐந்து வருடமாகக் கிடங்குப் பிரிவிடம் மண்ணைக் கவ்விவந்த அலுவலகப் பிரிவுக்கு, இந்த முறை எட்டுப் பேர் வாய்த்திருந்தார்கள். எட்டும் நல்ல கனம். அணித்தலைவரான ஹெட்கிளார்க்குக்கு இருந்த ஒரே கவலை, ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த சளிக்காய்ச்சல்.

மனிதர் சும்மா இருப்பாரா? முன்வாசலில் மேசை போட்டு சானிடைசர் வைத்தார். பக்கத்தில் ஒரு பதிவேடு. கையைத் தேய்த்தவர்கள் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை யாரும் சுட்டுவிடாதபடி நூலில் கட்டியும் வைத்தார்.

முதல் வாரம் காசாளர் தும்மினார். இரண்டாம் வாரம் அணியில் இரண்டு பேர் படுத்தார்கள். ஹெட்கிளார்க் அசரவில்லை, கையெழுத்தை ஒரு நாளைக்கு மூன்றாக உயர்த்தினார். மூன்றாம் வாரம் படுத்தவர்கள் மொத்தம் ஐந்து பேர் ஆனார்கள்.

"மருந்து டூப்ளிகேட் போல சார்," என்றார் காசாளர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"மருந்தைக் குறை சொல்லாதீங்க," என்றார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அக்கா. "கையை நல்லா தேய்க்கிறீங்க. தேய்ச்ச கையோட எல்லாரும் அந்த ஒரே பேனாவைப் புடிக்கிறீங்க. இவரு மணி என்னன்னு யோசிக்கும்போதெல்லாம் அதைக் கடிக்கிறாரு. நீங்களும்தான்."

ஹெட்கிளார்க் தம் வாயிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நாங்க பின்வாசல்ல வர்றவங்க சார். சோப்பு போட்டுக் கழுவிட்டு வேலையைப் பார்க்கிறோம். எங்ககிட்ட யாரு கையெழுத்து கேட்டா?"

பதிவேடு அன்றே குப்பைக்குப் போனது, சானிடைசர் இருந்தது. ஆனால் மறுநாள் போட்டி. மாலைக்குள் ஹெட்கிளார்க்குக்கும் தொண்டை கட்டிவிட்டது. எட்டில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்.

"பின்வாசல்ல மொத்தம் எத்தனை பேரும்மா?"

"என்னோட சேர்த்து ஆறு."

மறுநாள் கயிற்றைப் பிடித்து நின்றார்கள்: துப்புரவு அக்கா, அவருடைய நாத்தனார், கேன்டீன் மாஸ்டர், தண்ணீர் கேன் தூக்குகிறவர், ஓட்டுநர்கள் இருவர், அவர்களுக்குப் பின்னால் பழைய அணியின் மிச்சம். கிடங்குக்காரர்கள் சிரித்தார்கள். விசில் ஊதியதும் நிறுத்திக்கொண்டார்கள்.

"சார், நீங்க கிட்ட வராதீங்க!" என்று கயிற்றை விடாமலே கத்தினார் அக்கா.

அணித்தலைவர் இருபதடி தள்ளி, போர்வைக்குள்ளிருந்து "இழு!" என்றார். குரல் வெளியே வரவில்லை. தேவைப்படவும் இல்லை.