கடைசிக் குழாயின் அழுத்தம்

தீயணைப்புச் சான்றுக்கான அந்தப் படிவத்தின் ஆறாவது கட்டம் எப்போதும் நிரம்பியே வரும். சோதித்த ஹைட்ரண்ட் எண்: 1. அழுத்தம்: 3.6. பதினொரு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றுப் போன ஓர் அலுவலர் தன் கையால் எழுதிய எண்கள் அவை. காலிப் படிவம் தீர்ந்துபோன ஒரு நாளில் யாரோ நிரப்பிய படிவத்தையே நகல் எடுத்துவிட, அந்த நகலின் நகல்தான் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே ஊரில் எழும்பிய புதுக் குடியிருப்புகள் அத்தனையிலும், மேடோ பள்ளமோ, பத்து வீடோ முந்நூறு வீடோ, தண்ணீர் ஒரே அழுத்தத்தில், ஒரே கையெழுத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. இதை மோசடி என்று சொல்ல முடியாது. மோசடி செய்யக் கொஞ்சமாவது உழைக்க வேண்டும்.

தீயணைப்பு நிலைய அலுவலர் அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு குடியிருப்புகளுக்கு அவரும் ஆறாவது கட்டத்தைப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதாக அறுபத்திரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பின் கோப்பு மேசைக்கு வந்தபோதுதான், தான் இன்னும் போய்ப் பார்க்காத இடத்தின் அழுத்தம் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. கண்ணில் படாமலே இருந்திருக்கலாம் என்று உடனே தோன்றியது. கடைசித் தெருவின் கடைசி வீடு, அறுபத்திரண்டாம் எண், அவருடைய அக்காவுடையது.

விதி எளிமையானது. ஒரு தீயணைப்பு வண்டி சுமந்துபோகும் தண்ணீர் நான்கு நிமிடம் வரும். அதற்குப் பிறகு பீய்ச்சத் தெருவில் தண்ணீர் இருக்க வேண்டும். அதற்காகத்தான் முழங்கால் உயரத்தில் சிவப்பு நிறத்தில் அந்தக் குழாய்கள், அதாவது ஹைட்ரண்டுகள். எந்த வீட்டிலிருந்தும் தொண்ணூறு மீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும். பம்ப் அறையிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கும் குழாயில் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஆனால் வழக்கத்தில் சோதனை நடப்பது முதல் குழாயில். காரணம், சாமியானா, நாற்காலி, குளிர்பானம் எல்லாம் நுழைவாயிலில்தான் போடுவார்கள். பம்ப் அறையும் அங்கேயே, காவலாளி கூண்டுக்குப் பின்னால். அந்த இடத்தில் அழுத்தம் இல்லாமல் போனால்தான் அதிசயம்.

சோதனை அன்று வீடு வாங்கியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சான்று கிடைத்தால் மாலையே சாவி. அக்காவும் அத்தானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டியிருந்தது; பாதிச் சாமான் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. முதல் குழாயைத் திறந்ததும் தண்ணீர் மாடி உயரத்துக்கு எழும்பியது. கைதட்டினார்கள். சிலர் படம் பிடித்தார்கள். சைட் இன்ஜினியர் படிவத்தையும் பேனாவையும் சேர்த்தே நீட்டினார்.

கடைசியில் இருக்கும் பதினான்காம் குழாயைப் பார்க்க வேண்டும் என்றார் அலுவலர்.

“அங்க ரோடு இன்னும் முடியல சார். ஷூ அழுக்காயிடும்” என்றார் இன்ஜினியர், உண்மையான அக்கறையோடு.

பதினான்காம் குழாய் அக்கா வீட்டு வாசலில் இருந்தது. ஒரு முறைகூடத் திறக்காமல் மேல் மேலாகப் பெயின்ட் அடித்ததில் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. தீயணைப்பு வீரர் இரண்டு தட்டுத் தட்டித் திருகினார். முதலில் காற்று வந்தது. அடுத்து எறும்புகள் வந்தன. கடைசியாக, ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி கொஞ்சம் துருத்தண்ணீர் கசிந்து, தரையைத் தொட்டதோடு நின்றுவிட்டது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையவில்லை.

வரைபடத்தில் பதினான்கு வரைக்கும் ஆறங்குலக் குழாய். மண்ணுக்கடியில் நான்காவதோடு அது நின்றுவிட்டது. மிச்சப் பத்தும் பூங்காச் செடிகளுக்குப் போட்ட இரண்டங்குலக் குழாயில் செருகப்பட்டிருந்தன. “எதுல வந்தாலும் தண்ணி தண்ணிதானே சார்” என்று விளக்கினார் இன்ஜினியர். புதுக் குழாய் பதிக்க மூன்று மாதம் ஆகும் என்பதையும் அவரே சொன்னார்.

மூன்று மாதம் என்ற சொல் கூட்டத்தைத் தொட்டது. கோபம் வந்தது. அது கட்டியவர் மேல் வரவில்லை, சோதித்தவர் மேல் வந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு குளியலறைக் குழாயையும் நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தவர்கள் இவர்கள். தரை ஓட்டின் நிறம் கால் வாசி வெளுத்திருக்கிறது என்று சண்டை போட்டு மாற்ற வைத்தவர்கள். அந்தக் கண்கள் இப்போது எறும்பு வந்த குழாயைக் கடந்து அலுவலரின் பேனாவில் போய் நின்றன. வீடு வாங்கியவர்கள் சங்கத்தின் செயலாளர் முன்னால் வந்தார். எதைச் சொன்னாலும் ஒரு பாயின்ட் என்று ஆரம்பிப்பதால் அவருக்குப் பாயின்ட் சார் என்றே பெயர்.

“ஒரு பாயின்ட் சொல்றேன். தீ பிடிச்சா எங்க வீட்டுக்குத்தானே பிடிக்கும்? அத நாங்க பாத்துக்கறோம். நீங்க கையெழுத்த மட்டும் பாருங்க.”

மறுநாள் நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் குடியிருப்பில் தீயணைப்பதற்குத் தண்ணீர் இல்லாததில் தங்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று அறுபத்தொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். மீதி ஒருவர் வெளியூரில் இருந்தார். மூன்றாவது கையெழுத்து அக்காவுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் பெயருக்குக் கீழே பதவியையும் போட்டிருந்தார்.

அன்று மாலை அக்கா தம்பியின் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை.

“ரெண்டு காலனிக்குக் கண்ண மூடிட்டுப் போட்டல்ல? என் வீடு வந்தப்பதான் உனக்குச் சட்டம் ஞாபகம் வந்துச்சா தம்பி?”

பாதி உண்மையான குற்றச்சாட்டுக்கு முழுப் பதில் கிடைப்பதில்லை. உன் வீட்டு வாசலில் இருப்பது குழாய் இல்லை, பெயின்ட் அடித்த இரும்பு என்று மட்டும் சொன்னார்.

“இருந்துட்டுப் போகுது. எத்தன பேர் வாசல்ல அதுகூட இல்ல” என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினார்.

அலுவலர் ஆறாவது கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டு எழுதினார்: எண் 14. அழுத்தம் 0. சான்று மறுக்கப்படுகிறது. கோப்பு மேலிடத்துக்குப் போனது. இரண்டு நாள் தூங்கியது. மூன்றாம் நாள் பக்கத்து ஊர் நிலைய அலுவலரை மறுசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் நுழைவாயிலில் இறங்கி, குளிர்பானம் குடித்து, கையெழுத்துப் போட்டு, வந்த வண்டியிலேயே திரும்பினார். மாலை சாவி கொடுத்தார்கள்.

அக்கா குடிபோனதைத் தம்பியிடம் சொல்லவில்லை. அத்தான்தான் குளியலறையில் நின்றபடி ரகசியமாகப் போன் செய்தார். காத்து நல்லா வருது மச்சான், பிள்ளைங்களுக்கு மாடி ரூம் குடுத்துட்டோம், உன் பேச்ச எடுத்தா மட்டும் கதவு சாத்திக்குது என்று செய்தி வாசித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

காகிதத்தில் இனி செய்வதற்கு எதுவும் இல்லை. ஆனால் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், தொலைபேசிக்கு மேலே, ஒரு கரும்பலகை உண்டு. எந்தப் பகுதியில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். அழைப்பு வந்ததும் வீரர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். அந்தக் குடியிருப்பின் பெயருக்கு நேரே அலுவலர் சாக்பீஸால் எழுதினார்: நான்காவது ஹைட்ரண்டுக்கு மேல் தண்ணீர் இல்லை. திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு வண்டியும் போக வேண்டும். நிலையத்தில் இருந்ததே இரண்டு வண்டிதான். அவை அங்கே போனால் மீதி ஊர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேலிடம் போட்ட கையெழுத்துக்கு ஊர் கொடுக்கும் விலை அது.

நிலையத்துக்கு வேலையாக வந்த பிளம்பர் பலகையைப் படித்துவிட்டுக் குடியிருப்பில் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் சங்கம் அவசரமாகக் கூடியது. இப்படி ஒரு வாசகம் அரசாங்கச் சுவரில் இருந்தால் வீட்டின் மதிப்பு என்ன ஆகும் என்று பாயின்ட் சார் கேட்டார். தண்ணீர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பலகையை அழிக்க வைக்கத் தீர்மானம் போட்டு, உடன்பிறந்தவர் என்பதால் அக்காவை அனுப்பினார்கள். பாயின்ட் சாரும் கூடவே வந்தார். ஆனால் தன்னை மதிக்காத அலுவலரின் படி ஏறுவதில்லை என்று காரிலேயே இருந்துகொண்டார்.

அக்கா பலகையின் முன் நின்றார்.

“அழிச்சிடு தம்பி. வீட்ட விக்கப் போனா ஒருத்தனும் வாங்க மாட்டான்னு சொல்றாங்க.”

“நான் அழிக்க மாட்டேன். டஸ்டர் அங்க இருக்கு. நீ வேணும்னா அழி.”

அக்கா டஸ்டரை எடுத்தார். இருபது வருடமாகக் கரும்பலகையைப் படித்துவிட்டே அழித்துப் பழகிய கை, வரியின் நடுவில் நின்றது.

“ரெண்டு வண்டி எதுக்கு?”

“ஒரு வண்டித் தண்ணி நாலு நிமிஷம்.”

“ரெண்டுக்கும் எட்டு. அப்புறம்?”

“திரும்பி வந்து நிரப்பிட்டுப் போகணும். இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்.”

“அந்த இருபத்தஞ்சு நிமிஷம்?”

அக்காவின் உதடுகள் கணக்குப் போடும்போது அசைவதுபோல் அசைந்தன. அந்தக் கணக்குக்கு விடை ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு டீச்சருக்கு நேரம் பிடிக்கவில்லை.

“ராத்திரி ஷிஃப்டுக்கு வர்றவங்களும் இதப் படிப்பாங்களா?”

“படிக்காம ஏற மாட்டாங்க.”

அக்கா டஸ்டரைக் கீழே வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். தம்பி எழுதிய வரிக்கு அடியில், வகுப்பின் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி, நேராக, பெரிதாக எழுதினார்: வீடு 62. மாடியில் வலது பக்க அறை. இரண்டு பிள்ளைகள்.

பிறகு வெளியே போனார். காரின் கண்ணாடி இறங்கியது.

“அழிச்சாச்சு” என்றார் அக்கா.

பாயின்ட் சார் அக்காவின் விரல்களில் இருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். இறங்கி நான்கு படி ஏறினால் பலகையையே பார்த்திருக்கலாம். அவர் நோட்டைத் திறந்து, தீர்மானம் நிறைவேறியது என்று எழுதித் தேதி போட்டார்.