கதவு சீன்

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ட்ரெய்லர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் தரைத்தளத்தில் தையல் மெஷின் நின்றது. முதல் மாடியில் யாரோ அடுப்பை அணைத்தார்கள். இரண்டாம் மாடியில் ரிட்டையர்டு கண்டக்டர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். படிக்கட்டில் நாலாவது படி ட்ரெய்லருடைய இடம். அங்கே பையை வைத்து, செருப்பைக் கழற்றி, பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் படக் கதையைப் பெயர் போடுகிற இடத்திலிருந்தே இழுக்க ஆரம்பித்துவிடுவாள் என்பது அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கே தெரியும்.

அவளுக்கு வேலை பேக்கரியில், ரொட்டி வெட்டும் மெஷினில். விடிகிறதற்கு ரொம்ப முன்னால் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வெளியே வருவாள். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வராமல் நேரே தியேட்டருக்கு, தலைமுடியில் மாவோடு. புதுப்படம் எதுவானாலும் முதல் நாள் பார்த்தாக வேண்டும், பார்த்ததைச் சொல்லியாக வேண்டும். அவள் கதை சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கட்டடம் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். ட்ரெய்லர் என்ற பெயரைக் கண்டக்டர் வைத்தார். கிண்டலுக்குத்தான் வைத்தார். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். ஒருமுறை கூரியர்காரரிடம் கையெழுத்துப் போடும்போது அந்தப் பெயரையே எழுதிவிட்டாள் என்று அவள் புருஷன் சொல்வார். அவர் பிளம்பர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

அன்றைய படம் சாதாரணப் படம் இல்லை. இரண்டு வருஷமாக இதோ அதோ என்று இழுத்த படம். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், தம்பி போலீஸ். கூடப் பிறந்தவர்கள், ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முதல் பாதியை அவள் சொல்லச் சொல்லப் படிக்கட்டே பதறியது. லாரி கவிழ்ந்தபோது முதல் மாடி மருமகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளையில் தம்பி அண்ணன் கையில் விலங்கு மாட்டினான். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

"அப்புறம் எப்படிச் சேர்ந்தாங்க?" என்றார் கண்டக்டர். "சேர்ந்துட்டாங்கதானே?"

இங்கேதான் சிக்கல். சேர்ந்ததை அவள் பார்த்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. குளுகுளு இருட்டு, மெத்தை சீட்டு, எட்டு மணி நேரம் நின்ற கால். இடைவேளைக்கு வாங்கிய பாப்கார்ன் தீர்ந்ததும் கண் சொருகியது. விழித்தபோது தட்டு வந்துவிட்டது. நடுவில் எத்தனை நிமிஷம் போனது என்று அவளுக்கே தெரியாது. இதுவே வேறு யாராவது என்றால் கொஞ்சம் தூங்கிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் படிக்கட்டில் பதினொரு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வாய்க்கு வேறு பழக்கம்.

"அண்ணன் ஜெயில்லேர்ந்து வர்றான்," என்றாள். "நேரா தம்பி வீட்டுக்குப் போறான். மொட்டை வெயிலு. கதவு முன்னாடி நிக்கிறான். தட்டல."

"ஏன் தட்டல?"

"தட்டுனா திறப்பானோ மாட்டானோ. கையைத் தூக்குறான், இறக்குறான். கதவுக்கு அடியில அவன் நிழல் உள்ள விழுது. உள்ள இருந்து தம்பி அதைப் பார்க்கிறான். யாருன்னு தெரியும். அவனும் திறக்கல. அண்ணன் அப்படியே கதவுல சாஞ்சு உக்காந்துடறான். தம்பியும் உள்பக்கம் சாஞ்சு உக்காந்துடறான். ரெண்டு முதுகு, நடுவுல ஒரு பலகை. மியூசிக்கே கிடையாது. ரொம்ப நேரம் கழிச்சு தம்பி கேக்கிறான், எவ்ளோ நேரம் இப்படியே உக்காந்திருப்பன்னு. நீ கதவைத் திறக்கிற வரைக்கும்னு சொல்றான் அண்ணன். அதுக்குத் தம்பி சொல்றான் பாரு..."

அவள் நிறுத்தினாள். தம்பி என்ன சொல்வான் என்று அவளுக்கும் அந்த நொடி வரை தெரியாது.

"பூட்டவே இல்லண்ணா. ஆறு வருஷமா பூட்டவே இல்ல."

கண்டக்டரின் மனைவி முந்தானையை எடுத்துக்கொண்டாள். கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விளக்கு ஏன் மங்கலாக எரிகிறது என்று பல்பைப் பார்த்தார். பல்ப் எரியவே இல்லை, பகல். தரைத்தளத்துக் கதவில் சாய்ந்து நின்ற தையல் அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினாள்.

தையல் அக்கா தியேட்டர் பக்கம் போய் ஆறு வருஷம். அதற்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் கூடப் பிறந்த தங்கையோடுதான் போவாள், அந்தத் தங்கைதான் மூன்றாம் மாடியில் குடியிருப்பவள். பல் டாக்டரிடம் வேலை. பக்கத்து வீட்டார் தயிர் கேட்டாலும் நாளைக்கு நாலு மணிக்கு வாங்க என்பாள் என்பதால் கட்டடத்தில் அவளுக்கு அப்பாயின்ட்மென்ட் என்று பெயர். தங்கை கல்யாணத்தன்று அவள் ரவிக்கை கடைசி நேரத்தில் இறுக்கிப் பிடித்தது. அக்கா உள்ளறையில் பிரித்துத் தைத்தாள். தைத்துப் போட்டு அனுப்பிவிட்டு, ஊசியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தபோது வெளியே குரூப் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கார் ஓட்டி வந்தவர் வரை அதில் இருக்கிறார். அக்கா இல்லை. நீ கூப்பிடவில்லை என்றாள் ஒருத்தி, நீ வரவில்லை என்றாள் இன்னொருத்தி. அன்றோடு சரி. ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு. ஒருத்தி ஏறினால் ஒருத்தி நின்று வழி விடுவாள், சுவரைப் பார்த்தபடி.

"ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றாள் தையல் அக்கா. யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள். "அந்த ஒரு சீனுக்காகவாவது."

மேலே மூன்றாம் மாடிக் கம்பியில் ஒரு வளையல் கை இருந்ததை ட்ரெய்லர் பார்த்தாள். அது உள்ளே போகவில்லை.

அன்றிரவு ட்ரெய்லர் புருஷனிடம் உண்மையைச் சொன்னாள். அவர் குழாய் வாஷரைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ தூங்காம பார்த்த படம் எதுன்னு சொல்லு, நான் அதை மட்டும் நம்பறேன்."

"அந்த சீன் இருந்தாலும் இருக்கும்ங்க. இல்லாம எப்படி ஒரே தட்டுல சாப்பிடுவாங்க?"

"நாளைக்குக் கீழ போய்ச் சொல்லிடு."

மறுநாள் பேக்கரியிலிருந்து வந்ததும் போனாள். தையல் அக்கா புதுப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடையது, வாடிக்கைக்காரருடையது இல்லை. நாளைக்குக் கட்ட, என்றாள். ட்ரெய்லர் நூல் நல்லா பொருந்துது அக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு மதியக் காட்சிக்குப் பதினெட்டு பேர், மூன்றாம் மாடித் தங்கையும் சேர்த்து. ஒரு கட்டடமே பூட்டிக்கொண்டு கிளம்பியது. ஆட்டோவில் பாதி, பஸ்ஸில் பாதி. கண்டக்டர் பஸ்ஸில் ஏறியதும் பழக்கத்தில் எல்லாரையும் உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். தியேட்டரில் ஒரு முழு வரிசை. அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார முடியாதே. முதல் மாடி மருமகள் கணக்குப் போட்டு இடையில் ஒரு ஆளை வைத்தாள். அந்த ஆள் ட்ரெய்லர். இந்தப் பக்கம் புதுப் புடவையின் கஞ்சி மொடமொடப்பு, அந்தப் பக்கம் கிளினிக் சோப்பின் வாசனை. நடுவில் அவள், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு.

முதல் பாதியில் கூரை அதிர்ந்தது. ஹீரோ லாரியிலிருந்து குதித்தபோது முன்வரிசையில் காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். அது கண்டக்டரின் வழுக்கையில் விழுந்தது, அவர் தட்டிவிடக்கூட இல்லை. இது இவள் சொன்னதை விட நல்லாயிருக்கே என்றார் ஒருவர். இவள் சொன்னதில் லாரி இன்னும் பெரிசு என்றார் இன்னொருவர். இடைவேளையில் யாரும் கழிப்பறைக்குப் போகவில்லை, சீன் போய்விடுமே என்று.

பிறகு அவள் தூங்கிய பகுதி வந்தது. ட்ரெய்லர் அதை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். அண்ணனைச் சுட்டார்கள். ஆஸ்பத்திரி. ரத்தம் கிடைக்கவில்லை. தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டான். ஒரு டியூப் வழியாக ரத்தம் போகப் போக நாற்பது பேர் ஆடுகிற ஒரு பாட்டு. பாட்டு முடிந்தால் தட்டு. அவ்வளவுதான். ஹால் முழுக்கக் கைதட்டியது. ஒரு வரிசை மட்டும் தட்டவில்லை.

தையல் அக்கா இவள் காதருகில் குனிந்தாள். "கதவு இதுக்கப்புறமா?"

"வரும்க்கா," என்றாள் ட்ரெய்லர். அந்தப் பக்கம் சோப்பு வாசனை லேசாக முன்னால் சாய்ந்தது. அதுவும் கேட்டிருக்கிறது.

வில்லன் செத்தான். பெயர்கள் ஓடின. விளக்கைப் போட்டார்கள். ஜனமெல்லாம் விசிலடித்துக்கொண்டு வெளியே போனது. பதினெட்டு பேர் மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள், மிச்சத்தைப் போடுவார்கள் என்று.

"வெட்டிட்டானுங்க," என்றார் கண்டக்டர்.

"ஆமா," என்றாள் அவர் மனைவி. "என் தங்கச்சி வீட்டுக்காரர் நேத்து அவங்க ஊர்ல பார்த்தாராம். அந்தக் கதவு சீன்ல அழுதுட்டாராம்."

"அவரு எங்க பார்த்தாரு, நீங்கதான் போன்ல சொன்னீங்க," என்றார் பிளம்பர் மெதுவாக. யார் காதிலும் ஏறவில்லை. முதல் மாடி மருமகளுக்கோ அந்த சீனில் கதவு நீலக் கலர் என்பதுகூட நினைவு வந்துவிட்டது. போஸ்டரில் பார்த்தாளாம்.

முன்கூடத்தில் மேனேஜரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அடுத்த காட்சிக்கு வரிசை நிற்கிறது, அவர் கையில் வாக்கி டாக்கி. அப்படி ஒரு சீன் இல்லவே இல்லை என்று அவர் சொல்லச் சொல்ல, அதுதான் வெட்டியதற்குச் சாட்சி என்று கண்டக்டர் நிரூபித்தார். படம் ஓட்டுகிற ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு எதுக்குங்க சார் வெட்டணும்? இப்ப எல்லாம் டிஜிட்டல், அப்படி வெட்டவும் முடியாது."

"இவரு பேரை எழுதிக்கோ," என்றார் கண்டக்டர், மனைவியிடம். "மேலிடத்துக்கு எழுதறேன். முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் எனக்கு, எங்க எழுதணும்னு தெரியும்."

மேனேஜர் ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையாகவே ஒரு சந்தேகம் அந்தப் பார்வையில் வந்தது. ஆபரேட்டர் டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

ட்ரெய்லர் அந்த டப்பாவையே பார்த்தாள். இப்போது சொன்னால் இனி நாலாவது படியில் அவளுக்காக யார் மெஷினை நிறுத்துவார்கள்? புளுகிணி என்று ஒரு பெயர் வைக்கக் கண்டக்டருக்கு அரை நிமிஷம் போதும்.

"அவரை விடுங்க," என்றாள். "அந்த சீன் படத்துல இல்ல. நான் தூங்கிட்டேன். நானா சொன்னது."

பாப்கார்ன் மெஷின் மட்டும் தன் பாட்டுக்குப் பொரிந்தது.

"அப்ப இவ ரெண்டு நாளா அழுதது?" என்றார் கண்டக்டர், மனைவியைக் காட்டி.

"அழுதது அழுததுதான்," என்றாள் அவர் மனைவி. "நீங்க அழலையாக்கும்."

தங்கை கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். அவள் முகம் கிளினிக் முகமாகிவிட்டது. தையல் அக்கா அவள் முதுகைப் பார்த்தாள். பிறகு ட்ரெய்லரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

"அப்படி என்ன சீனும்மா அது?" என்றார் ஆபரேட்டர். குற்றம் போனதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"சொல்லு," என்றாள் தையல் அக்கா. "அவருக்குச் சொல்லு. சத்தமா சொல்லு."

ட்ரெய்லர் பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றப் போய் நிறுத்திக்கொண்டாள். வெயில் என்று ஆரம்பித்தாள். கதவு. தூக்கி இறக்கிய கை. அடியில் விழுந்த நிழல். அடுத்த காட்சிக்கு நின்றவர்கள் வரிசையைக் கலைத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள், பின்னாலிருந்தவர் குதிகாலை உயர்த்தினார். மேனேஜரின் வாக்கி டாக்கியில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அதை அணைத்தார். இரண்டு முதுகு, நடுவில் ஒரு பலகை.

"எவ்ளோ நேரம் இப்படியே உக்காந்திருப்பன்னு தம்பி கேக்கிறான்."

அங்கே ட்ரெய்லருக்குக் குரல் நின்றது. மறக்கவில்லை. அடுத்த வரி நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தையல் அக்கா அவளைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வரியைச் சொல்வதுபோல் அக்காவின் உதடு அசைந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது, கதை தெரியாத வரிசைக்காரர்களின் தலைகூட.

வாசலின் கண்ணாடிக் கதவைத் தங்கை பாதி தள்ளிய நிலையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகுதான் தெரிந்தது. இடுக்கு வழியாக மதிய வெயில் ஒரு கோடாக உள்ளே வந்து தரையில் நீண்டு கிடந்தது. வெளியே டிக்கெட்டும் கையுமாக ஒரு குடும்பம், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு.

"உள்ள போறீங்களாம்மா, வெளிய வர்றீங்களா?" என்று கேட்டார் அந்தக் குடும்பத்துக்காரர், தன்மையாகத்தான்.

அவள் வெளியே போகவில்லை. கதவையும் விடவில்லை. ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடியில் பதிந்த அவள் உள்ளங்கையைச் சுற்றி மெல்ல ஆவி படர்ந்துகொண்டிருந்தது.