ஓட்டுநர் விழுந்த நாலு வருஷம்

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் குளியலறை வாசலில் வழுக்கி விழ ஆரம்பித்து, தரைக்கு வந்து சேர நாலு வருஷம் ஆயிற்று. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொல்லை, அந்த வீட்டுக்கு இது என்று விட்டுவிட்டார்கள்.

குளியலறை வாசலைப் பார்த்தபடி சுவரில் ஒரு கேமரா இருந்தது. அதை வாங்கி அனுப்பியவன் வெளிநாட்டில் இருக்கும் மகன். பெரியவர் விழுந்தால் அதுவே கண்டுபிடித்துப் பிள்ளைகளின் போனுக்குச் சொல்லிவிடும். அம்மா சாகும்போது மகளிடம் சொன்னது "அப்பாவப் பாத்துக்கடி" என்பது மட்டும்தான். மகளோ தையல் கடையில் மிஷின் மிதிப்பவள். பகலெல்லாம் எப்படிப் பார்ப்பாள்? அப்பா வழுக்கிய அன்று கடையில் போன் அலறியதும் எடுத்துப் பார்த்தாள். அப்பா ஒரு கால் தரையிலும் ஒரு கால் மேலேயுமாக, சாய்த்து வைத்த ஏணி மாதிரி அந்தரத்தில் இருந்தார். போனைப் பார்த்தபடியே ஓடி வந்தவள் பூட்டைத் திறக்கக் கண்ணை எடுத்தாள். அதற்குள் அவர் ஒரு சாண் இறங்கிவிட்டார். பார்க்கும்வரை விழமாட்டார் என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று.

தூக்கி நிறுத்த நாலு பேர் மல்லுக்கட்டினார்கள். ம்ஹூம், அசையவில்லை. கம்பெனிக்காரன் வந்து, கேமராவில் கோளாறு இல்லை என்று துடைத்துவிட்டுப் போனான். பெரியவர் சாய்ந்தபடியே சாப்பிட்டார், பேப்பர் படித்தார். "நான் பிரேக் போட்டாச்சுப்பா, வண்டிதான் இன்னும் நிக்கல" என்று வந்தவர்களிடம் சிரித்தார். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போனை மிஷின்மேல் நிறுத்திவைத்து, துணியைத் தடவித் தடவியே தைத்தாள். கல்யாணப் பேச்சு வந்தது. நிமிர்ந்து முகம் பார்க்காத பெண் எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டாரும் போய்விட்டார்கள். கொஞ்ச நேரமாவது நீ பார்த்துக்கொள்ளேன் என்று அண்ணனிடம் கெஞ்சினாள். "நீதான் பாத்துக்கிறியே" என்றான் அவன். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். யாராக இருந்தாலும் திட்டத்தான் செய்வார்கள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. எத்தனையோ முறை உட்கார்ந்தபடியே அசந்துபோனாள். பதறி விழித்தால் அப்பா இருந்தபடியே இருப்பார். தூக்கத்திலும் தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

நாலாம் வருஷம் ஒரு காலையில் அவர் சாய்ந்தபடியே இறந்துபோனார். டாக்டர் நாடி பார்த்து உறுதி சொன்னார். உடம்பு மட்டும் இறங்கவில்லை. எடுக்க வந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். மகள் எல்லாரையும் வெளியே அனுப்பினாள். அவளுக்கு மனசே வரவில்லை. போதும்ப்பா என்று அழுதுவிட்டுக் கண்ணை மூடினாள். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்தால் அதே சாய்வு. மூடித் திறந்தாள், மறுபடியும் மூடித் திறந்தாள். அப்போதுதான் கேமராவின் பச்சை விளக்கைக் கவனித்தாள். போனில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் எரிகிற விளக்கு அது. அவள் போன் மேஜைமேல் அணைந்து கிடந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். உடனே எடுத்தான், அழுதுகொண்டிருந்தான். அன்று அப்படிச் சொல்லிவிட்டானே தவிர, அன்றிலிருந்தே அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவ்வளவு திட்டு வாங்கியபின் எந்த முகத்தோடு சொல்வது என்று இருந்துவிட்டான்.

"நீ அசந்தப்பெல்லாம் நான்தான்டி பாத்துக்கிட்டேன்."

"தெரியாமப் போச்சேண்ணா" என்று தேம்பினாள் அவள். பிறகு சொன்னாள்: "கண்ண மூடிக்கோ. நானும் மூடிக்கிறேன்."

அதனால் ஓட்டுநர் தரைக்கு வந்து சேர்ந்ததை யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திறக்கட்டுமா என்று போனில் அண்ணன் கேட்டான். இன்னும் கொஞ்சம் பொறு என்றாள் தங்கை.