தென்னைக்கு வந்த புகையான்

கஜா புயல் கொல்லைத் தென்னைகளை வேரோடு சாய்த்த பிறகு நான் கன்று வாங்கி நட்டேன். பிழைத்தது ஒன்றே ஒன்று. அது இந்த ஐப்பசியில்தான் முதல் பாளை விட்டது. முதல் காயை எங்கள் ஊர் அம்மனுக்கு நேர்ந்திருந்தேன்.

கார்த்திகையில் ஓலையின் அடியில் குட்டிக் குட்டியாகப் பூச்சிகள். ஓலையை ஆட்டினால் தத்தி அடுத்த ஓலைக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் சிங்காரவேலு அண்ணாந்து பார்த்தார், உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"புகையான்தான். சாறு உறிஞ்சுது, தத்துது, வேற என்ன?"

"புகையான் நெல்லுல வர்றதுங்க. இது தென்னை."

"எல்லாம் ஒரே இனந்தான். தண்ணிய நிறுத்தினா தன்னால ஓடிடும்."

நெல்லைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காத மனிதர். புகையான் நெல்லின் தூரில், அடித்தண்டோடு ஒட்டி ஈரத்தில் கிடக்கும். அதனால் வயலை வடியவிடுவார்கள். அதே வைத்தியம் மரத்துக்கும்! வாய்க்கால் பாய்ந்து வயலில் மிஞ்சும் தண்ணீர், பள்ளத்தில் இருக்கும் கொல்லைக்கு இறங்குகிற மடையை, களிமண் வைத்து அடைத்துவிட்டார். மழையும் இந்த வருடம் ஏமாற்றிவிட்டது. பூச்சி உட்கார்ந்திருப்பது உச்சியில். இவர் காயப்போடுவது வேரை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

பாளையில் பிடித்த குரும்பைப் பிஞ்சுகள் உதிர ஆரம்பித்தன. குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினேன். அது எந்த மூலைக்கு? மடையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன், கத்தினேன். "பூச்சி போகட்டும்" என்பதே பதில். வயல் தண்ணீரில் வேறு யாரும் கைவைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். நானும் அதற்குக் கட்டுப்பட்டுத் தொலைத்தேன்.

பொங்கலுக்கு முன் ஒரு காலையில் வயலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. நடுவயலில் பயிர் வட்டமாகக் கருகியிருந்தது. தூரை விலக்கிக் காட்டினார். தேங்கி நின்ற தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்புப் பூச்சி அப்பிக் கிடந்தது. நிஜப் புகையான். மடை அடைபட்டதால் வடிய வழியில்லாத தண்ணீர்.

"தண்ணிய வடிக்கணும், ஞானம்."

"வைத்தியம் சரிதாங்க. நோயாளியத்தான் மாத்திட்டீங்க."

மண்வெட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி, மடையை நானே வெட்டிவிட்டேன். தண்ணீர் கொல்லைக்குள் பாய்ந்து மரத்தடியைச் சுற்றிக்கொண்டது.

அண்ணாந்து பார்த்தேன். பாளையில் ஒரு குரும்பைகூட மிச்சமில்லை. ஓலையில் பூச்சிகள் சௌக்கியமாக இருந்தன.