கீறல் விழாமல் துடைப்பது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையில் மிஞ்சியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்.

ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு எழுத்து வேலை. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் இணையதளங்களுக்கு என்ன வேண்டுமோ கேட்பார்கள். நாங்கள் மாதாபூரில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்புவோம். நாய்க்குப் பல் தேய்ப்பது எப்படி, பனியில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று. பனியை நான் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

2007 ஏப்ரலில் ஒரு தலைப்பு வந்தது. பெயிண்டில் கீறல் விழாமல் காரின் மேலுள்ள தூசியையும் மகரந்தத்தையும் அகற்றுவது எப்படி. என்னிடம் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. மகரந்தம் என்ற சொல்லையே பள்ளிக்கூடத்துத் தாவரவியலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தொட்டேன். அதனால் என்ன, நாலு இடத்தில் படித்து, என் சொந்த அனுபவம் போல எழுதினேன். 'என் காரை நான் எப்போதும் நிழலில் நிறுத்திவிட்டுத்தான் கழுவுவேன்' என்று ஒரு வரி. வாடிக்கையாளருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்ததாம்.

2

முதல் வரிக்குப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

'தார்நாகாவின் ஒரு சிறு தெருவில், ஏப்ரல் காலையின் பொன்னொளியில்…'

(பொன்னொளி என்று எழுதினாலே எனக்கு என் மேல் சந்தேகம் வந்துவிடும். நிறுத்திவிட்டேன்.)

'ஒரு மனிதன் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன்…'

(எழுபது தாண்டியவரை அவன் என்று எழுதக் கை வரவில்லை. இலக்கியத்தில் எழுதலாம் என்பார்கள். எழுதுகிறவர்கள் அவருக்கு மேல்மாடியில் குடியிருக்க மாட்டார்கள்.)

மூன்றாவது வரி இது. இதை அடிக்கப் போவதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழே நிற்கும் நீலக் கார் முழுக்க மஞ்சளாக இருக்கிறது. சௌந்தரராஜன் சாரை இன்னும் காணவில்லை.

3

அவர் யார் என்று சொல்ல வேண்டும். எனக்கே பாதிதான் தெரியும் என்பதால் மீதியை இட்டுக்கட்டி வைத்திருந்தேன்.

தெரிந்தது: ஹைதராபாத் தார்நாகாவில் எங்கள் அபார்ட்மெண்டின் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். சனத்நகரில் வால்வு செய்யும் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கரும் நீலக் கார் ஒன்று வைத்திருக்கிறார், அமெரிக்காவில் இருக்கும் மகன் ராஜீவ் வாங்கிக் கொடுத்தது. கார் நிற்கும் இடத்துக்கு மேலே மஞ்சள் பூ மரம்.*

(* தார்நாகாவில் பாதித் தெருக்களில் இந்த மரம்தான். பெயர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஏப்ரலில் பூக்கத் தொடங்கும். ராத்திரி முழுக்கக் கொட்டும். பூவைப் பொறுக்கிவிடலாம், அதன் பொடி போகாது.)

இட்டுக்கட்டியது: அவர் மனைவி இறந்துவிட்டார் என்று எழுதினேன். தனியாக இருக்கும் கிழவர், தினமும் காரைத் துடைக்கிறார். மனைவி செத்திருந்தால் வாசகருக்கு ஒரு சின்ன வலி, எனக்கு வேலை மிச்சம். இரண்டு பக்கம் உருக்கமாகப் போயிற்று.

பிறகுதான் தெரிந்தது, கனகம் அம்மாள் நன்றாகவே இருக்கிறார். நியூ ஜெர்சியில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதத்துக்கென்று போனவர். விசா நீண்டது, அப்புறம் இரண்டாவது குழந்தை. இவரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க வண்டியக்கூடத் தொடைக்க விடமாட்டேங்கறான்ம்மா. மிஷின்ல விட்டு எடுக்கறான்" என்றார்.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். சாகாதவரைச் சாகடித்தது பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, உயிரோடு இருந்தும் இப்படி ஆகிவிடலாம் என்பது கதையில் சாவை விடக் கஷ்டமாகத் தெரிந்தது.

(என்னைப் பற்றியும் கேட்பீர்கள். பெயர் லலிதா, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், நாற்பது கடந்தாயிற்று, தனியாக இருக்கிறேன். ஏன் தனியாக என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இப்போது கேட்பாரும் இல்லை, அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.)

4

கட்டுரை எழுதிய மறுநாள் காலை பால்கனியில் நின்றேன். கீழே அவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன். சிக்னலில் விற்கிற மஞ்சள் துணி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. பானெட்டில் வட்டம் வட்டமாக, மாவு அரைக்கிற மாதிரி அழுத்தித் துடைக்கிறார்.

எனக்குப் பதறிவிட்டது. ஒருநாள் முன்னால் வரை எனக்கு எதுவுமே தெரியாது, இன்றைக்கு நான் நிபுணர். புதிதாகக் கற்றவர்களைத் தடுக்க முடியாது. செருப்பைக்கூட மாற்றாமல் இறங்கி ஓடினேன்.

அப்படித் துடைத்தால் கீறல் விழும் என்றேன். தூசியில் மணல் இருக்கும், மகரந்தப் பொடியும் கண்ணுக்குத் தெரியாத முள் முள்ளாக இருக்கும், காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி என்றேன். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊறட்டும், அதுவாகக் கழன்று ஓடட்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. தேங்காய்ப்பூ துண்டு நல்லது. மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில், அழுத்தாமல். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து பானெட்டைச் சாய்த்துப் பார்த்தார். வெயிலில் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். தினம் துடைத்துத் துடைத்து அவரே போட்டவை. டிசம்பரில் ராஜீவ் வந்து பார்த்தால் கேட்பானே என்று முணுமுணுத்தார். அப்புறம் என்னிடம், என்ன கார் வைத்திருக்கிறேன் என்று கேட்டார். கார் இல்லை என்றேன். சிரித்தார். கேலியாக இல்லை, அவருக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

தண்ணீர்தான் சிக்கல். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். லாரித் தண்ணீரில் கார் கழுவினால் அசோசியேஷன் கூட்டம் போட்டுவிடுவார்கள். ஆகவே தண்ணீர் வருகிற நாளில் மட்டும் கழுவுங்கள், மற்ற நாளில் தொடாதீர்கள், மஞ்சளாகவே கிடக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. துணியை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

5

"தெனம் தொடைக்கறது வண்டிக்காக இல்லம்மா" என்றார்.

எதிர்க் கட்டடத்தில் செல்லப்பா என்று ஒரு நண்பர் இருந்திருக்கிறார். அவரும் தனி. இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் செல்லப்பா தன் பால்கனிக் கம்பியில் ஒரு துண்டைக் காயப்போடுவார். இவர் காரைத் துடைப்பார். துண்டு தொங்கவில்லை என்றாலோ, கார் அழுக்காக நின்றாலோ, மற்றவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போன் செய்வது, எப்படி இருக்கிறாய் என்று கேட்பது, அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. இந்த மஞ்சள் பூ சீசனில் ரொம்ப வசதி. ஒரே ராத்திரியில் கார் மஞ்சளாகிவிடும், எதிர்வீட்டு மாடியிலிருந்தே தெரியும்.

போன வருஷம் செல்லப்பாவை மகள் பூனாவுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

"அப்ப இப்ப யாரு சார் பாக்கறாங்க?"

"யாரும் இல்ல. கை பழகிடுச்சு." துணியை உதறிவிட்டு, "இன்னைக்கு நீ பாத்தியே" என்றார்.

அந்த இடத்தில் நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் நான் தினம் பார்க்கிறேன் சார் என்றேன். அது நல்லதா, இல்லை கட்டுரையின் கடைசி வரி மாதிரி இருந்ததா, இப்போதும் தெரியவில்லை. அவர் யோசித்துவிட்டு, தண்ணீர் வராத நாளில் எப்படித் தெரியும் என்றார். நானே கெடுத்து வைத்த ஏற்பாடு அல்லவா.

"அன்னைக்கு நீதான் வந்து தட்டிப் பாக்கணும். ஹவ், வேற வழி இல்ல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்தேன். (ஹவ் என்றால் இந்த ஊர் உருதுவில் ஆமாம்.)

மாடிப்படியில் ஏறப் போனவளைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். "உனக்கு என்னம்மா அடையாளம்? உன்னை எப்படித் தெரிஞ்சுக்கறது?"

ஆபீசில் தேடுவார்கள் சார் என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆபீசில் தேடத்தான் தேடுவார்கள். முதலில் ஒரு மெயில் அனுப்புவார்கள்.

6

அதன் பிறகு தண்ணீர் வருகிற நாளில் அவர் நான் சொன்னபடியே கழுவினார். இரண்டு வாளி, தேங்காய்ப்பூ துண்டு, நேர்க்கோடு. முடித்ததும் மேலே நிமிர்ந்து பார்ப்பார். நான் கை அசைப்பேன். எனக்கு அன்றைய நாளில் நடக்கிற நல்ல காரியம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

தண்ணீர் வராத நாளில் நான் போய்த் தட்டியதில்லை. ஒருமுறைகூட. ஆபீஸ் வண்டி வந்துவிடும். அவர் சீக்கிரமே எழுந்து வெளியே போயிருக்கலாம், இன்னும் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். அடுத்த நாள்தான் கழுவுவாரே என்று இருந்துவிடுவேன். அவர் அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை, வா என்று கூப்பிட்டிருக்கிறார் என்பது இந்தப் பத்தியை எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நேற்று தண்ணீர் வர வேண்டிய நாள். வரவில்லை. எங்கோ குழாய் உடைந்துவிட்டதாம். இன்று வழக்கமாகவே வராத நாள். அதனால் கார் மூன்று ராத்திரியின் பொடியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

(போன் செய்யலாமே என்பீர்கள். நம்பர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் ஊருக்குப் போயிருக்கிறான்.)

காலையிலிருந்து மூன்று தடவை பால்கனிக்குப் போய்விட்டு வந்து, இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் பயம் தெரியவில்லை.

7

முடிவுகள்.

முதலாவது: தட்டுகிறேன். திறக்கிறார். பனியனோடு நிற்கிறார், கையில் காபி. என்னம்மா என்கிறார். (இதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள், நானும்தான். ஆனால் இதற்கு மேல் ஒரு வரி எழுத முடியவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.)

இரண்டாவது: தட்டுகிறேன். திறக்கவில்லை. மறுபடி தட்டுகிறேன். எதிர்வீட்டு எலிசபெத் வந்து, "கைக்கு, எதுக்கு இப்படித் தட்றீங்க? ஊருக்குப் போயிட்டாரே" என்கிறாள். அமெரிக்காவுக்கு, கனகம் அம்மாளிடம். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல். (இது நல்ல செய்திதான். எழுதிவிட்டு அழுகை வந்தது. சொல்லிக்கொண்டு போகிற அளவுக்கு நான் அவருக்கு யார்?)

மூன்றாவது: தட்டுகிறேன். திறக்கவில்லை. யாரும் வரவில்லை. பூட்டை…

வேண்டாம். ஏற்கெனவே இந்த வீட்டில் ஒருவரைக் காகிதத்தில் கொன்றவள் நான். மறுபடி செய்ய மாட்டேன்.

8

முதல் முடிவு ஏன் ஓடவில்லை என்றால், அவர் திறந்தால் நான் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கதைக்கு முதல் வரி தேடியது போலவே இதற்கும் தேடிப் பார்த்தேன்.

'சார், கார் அழுக்காக இருந்தது, அதனால்…' (செத்துவிட்டீர்களோ என்று பார்க்க வந்தேன் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அதுதான் அர்த்தம்.)

'சார், உங்க வீட்டுல தண்ணி வருதா?' (எனக்கே தெரியும், வரவில்லை.)

'சார், உங்களை வெச்சு ஒரு கதை…' (கூடவே கூடாது.)

கடைசியில் ஒன்று கிடைத்தது. எங்கள் ஊரில் இதை ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள். காரணம் கேட்க மாட்டார்கள், உட்காரச் சொல்லுவார்கள். இந்த நகரத்துக்கு வந்த பிறகு நான் யாருடைய வாசலிலும் இதைச் சொன்னதில்லை. என் வாசலிலும் யாரும் சொன்னதில்லை. ஒருதடவை இந்த அறையிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

சும்மாதான் வந்தேன் சார்.

அவர் திறந்தால், அதற்குப் பிறகு பேசுவது எங்கள் இரண்டு பேருக்கு. அதை எழுத மாட்டேன். திறக்காவிட்டால், எழுதுகிற தெம்பு எனக்கு இருக்காது. எப்படியும் இந்தக் கதைக்கு முடிவு கிடைக்காது, என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நான் இங்கே உட்கார்ந்து இன்னொரு வரி எழுதினால், அந்த ஒரு வரி நேரம் அவர் கதவு தட்டப்படாமல் இருக்கும். செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். கீழே