உள்ளங்கை வழியாக

இது என் இருமல் இல்லை. என் தொண்டைக்குள் உட்கார்ந்து அவர் இருமுகிறார்.

இப்படி ஒரு நினைப்பு ஓடியதும் அவள் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். பேருந்து நிலையத்தின் மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை அவளுடையது. வழக்கமான அறிவிப்புகள் எல்லாம் பதினோரு வருடத்துக்கு முன் அவள் பேசிப் பதிவானவை. அவற்றை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். வண்டி தாமதம், நடைமேடை மாற்றம், காணாமல் போன பிள்ளை, இதற்கெல்லாம்தான் அவளே பேச வேண்டும்.

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள். "பதினான்காம் எண் வண்டி இருபது நிமிடம் தாமதமாக வரும்." அவள் முடித்ததும் பதிவுக் குரல், அதாவது பழைய அவள், பயணிகளின் கவனத்தைக் கேட்டது. கீழே இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் கதவைத் தட்டாமல் வந்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"யாரு அந்த ஆளு?"

"எந்த ஆளு சார்?"

"இப்ப பேசினாரே."

"நான்தான் சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டது. "மூணு வாரமா சளின்னு சொல்றீங்க. மாசக் கடைசியில பெரிய அதிகாரிங்க வந்து அறிவிப்பைக் கேக்கப் போறாங்க. அதுக்குள்ள சரி பண்ணிக்குங்கம்மா. இல்லேன்னா டிக்கெட் கவுண்டர்ல உக்கார வைக்கிறதைத் தவிர வழியில்ல. அங்க சில்லறை கேக்கறதுக்கு எந்தக் குரலா இருந்தாலும் போதும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலைத் தவிர அவளிடம் வேறு தொழில் இல்லை.

வீட்டில் முதலில் தேய்ந்துபோனது என்னவோ கணவன்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர். ஒரு வருடமாகவே சாப்பிடும்போது கரண்டியைப் பிடித்தபடி தூங்கிவிடுவார். கைகளில் முடி உதிர்ந்து பிள்ளைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றுமில்லாததற்குக் கண் கலங்கும். இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, "களைப்பா இருக்கு" என்பார். வேறு எவளாவது இருக்கிறாளோ என்றுகூட அவள் நினைத்ததுண்டு. பிறகு அப்படி இருந்தால் தேவலை என்று நினைத்தாள். பக்கத்தில் படுத்திருந்தது ஆள் இல்லை, ஆள் எழுந்து போன பள்ளம்.

தனியாகவே போய் டாக்டரைப் பார்த்தார். இரண்டு நாள் காலையில் ரத்தம் எடுத்தார்களாம். அடுத்த முறை ஒரு களிம்பு டியூபோடு வந்தார்.

"ஆம்பளை ஹார்மோன் கம்மியாம்," என்றார் அலமாரியிடம். "தினம் காலைல தோள்ல தேய்க்கணும். நீ தேய்ச்சு விடு. இது கண்ணாடி தொடற கை, துளி பிசுக்கு இருந்தா லென்ஸ் பூரா மங்கிடும். உன் வேலை வாயிலதானே."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் தொடச் சொல்லியிருந்தார். காரணம் எதுவானால் என்ன என்று அவள் நினைத்தாள். ஒவ்வொரு காலையும் அந்தத் தோள்களில் ஸ்பிரிட் வாசனை அடிக்கும் களிம்பை வெறும் கையால் தேய்த்தாள். அது காய்ந்த பிறகும் கையை எடுக்க மனம் வராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று மாதத்தில் அவருக்குத் தூக்கம் கொஞ்சம் தெளிந்தது. அவளுக்கு மோவாயில் முடி முளைத்தது. மாதவிலக்கு நின்றது. வயதாகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் கூப்பிட்டபோது அவள்தான் போனை எடுத்தாள்.

"கண்ணா, சாப்பிட்டியா?"

நான்தான் அத்தை என்று சொல்ல வேண்டியது நாக்கு வரை வந்து நின்றது. "ம்," என்றாள்.

"இப்பத்தான்டா உன் குரல் பழையபடி இருக்கு. போன வருஷமெல்லாம் யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. ஆமா, அவ எப்படி இருக்கா?"

அறையில் வேறு யாரும் இல்லை. "அவளா? அவ நல்லா இருக்கா," என்றது குரல்.

போனை வைத்த பிறகும் அது யார் சொன்னது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் காதுக்குள் பேசிய குரல். திரும்பி வராதா என்று அவள் ஏங்கியது அதைத்தான். வந்துவிட்டது, வந்து சேர்ந்த இடம்தான் வேறு. அன்று முழுவதும் கண்ணாடி இருந்த பக்கம் அவள் போகவில்லை.

மறுவாரம் இருவரும் டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்தார்கள். இந்த முறை அவளும் ரத்தம் கொடுத்திருந்தாள். டாக்டரம்மா இரண்டு ரத்தச் சீட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏறணும் சார். உங்களுக்கு இந்த அளவு இருக்கவே கூடாதும்மா. களிம்பு யாரு போட்டுவிடறது?"

"நான்தான். வெறும் கையால."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "முதல் நாளே சொன்னேனே சார்? நீங்களேதான் போட்டுக்கணும், சோப்பு போட்டுக் கை கழுவணும், காஞ்சதும் சட்டை போட்டு மூடணும், வீட்டுல பொம்பளைங்க, குழந்தைங்க மேல படக் கூடாதுன்னு. எழுதியும் கொடுத்தேன்."

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் மெல்ல சரியாகும்மா. குரல் முழுசாத் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது. களிம்பைத் தொடறதை இன்னிக்கே விட்டா இதோட நிக்கும்."

வரும் வழியில் அவள் கேட்டாள். "அந்தத் தாளைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்புறம்?"

"நானே தேய்ச்சுக்கிட்டா நான் நோயாளி. நீ தேய்ச்சா அப்படித் தோணல."

அவள் கோபப்படப் பார்த்தாள். அந்தக் கோபம்கூட அவருடைய குரலில்தான் வரும் என்று பட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் சட்டையில்லாமல், முதுகைக் காட்டியபடி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். டியூப் தோளுக்கு மேலாக அவள் பக்கம் நீண்டது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும். உடனே கழுவிடு."

அவள் அசையவில்லை.

"தேய்க்கும்போது ஏதாவது பேசு," என்றார் திரும்பாமலே. "உனக்கு இப்ப வருதே, அந்தக் குரல்ல. ஒரு மாசமா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா நான் இன்னும் எங்கயோ இருக்கேன்னு தோணுது."

தெரியும், இவருக்குத் தெரியும். அவள் சமையலறையில் முணுமுணுத்ததை, போனில் பேசியதை, கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று கேட்டிருக்கிறார். தன் பிரேதம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்து பார்த்துப் போகிறவரைப் போல.

டியூப் அந்தரத்தில் காத்திருந்தது. தோள்களில் பூனைமுடி போல் ஏதோ அரும்பியிருப்பது வெளிச்சத்தில் தெரிந்தது. அதைத் தொட அவள் கைகள் விரும்பின. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து, அவர் முகம் தெரிகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாட்டேங்க," என்றாள் மெதுவாக. "நீங்களே போட்டுக்குங்க. முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன்."