கன்னிமார் ஊத்து

தண்ணி எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறது பெரிய வித்தையில்ல. சுத்தியிருக்கிறவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதும். அதுதான் நடக்காது. தரையில மைக்கை வச்சு, காதுல ஹெட்போனை மாட்டுனேன்னா, அப்பத்தான் ஒருத்தர் வந்து, "என்ன மேடம், பாட்டு கேக்குறீங்களா?"ம்பாரு. என் பேரு பாண்டிச்செல்வி, ஊரு ஆயக்குடி. சுவத்துக்குள்ள, தரைக்கடியில ஒழுகுற பைப்பைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறதுதான் என் சோலி.

போன சித்திரையில கொடைக்கானல்ல, பூம்பாறை ரோட்டுல ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூப்பிட்டாங்க. மேனேஜர் செல்வமுருகன் டீ குடுத்து உக்கார வச்சாரு.

"செக் பண்ணுங்க மேடம். ஆனா லீக் எதுவும் இருக்காது. இல்லைன்னு ஒரு ரிப்போர்ட் மட்டும் குடுத்துட்டாப் போதும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "அதுக்கு நான் எதுக்கு சார் மெஷினைத் தூக்கிக்கிட்டு மலையேறணும்? நீங்களே எழுதிக்கிற வேண்டியதுதான?"

மனுசன் கோவிச்சுக்கல. காலையில ரொப்புற தொட்டி மத்தியானத்துக்கே காலியாகுதாம். சீசன் நேரம், லாரித் தண்ணி வாங்கி முடியலையாம். ஹோட்டலுக்குக் கீழ சரிவுல வேலைக்காரங்க குடியிருப்பு இருக்கு. ஒரு மாசத்துக்கு முன்னாடியே அங்க போற லைனைக் கட் பண்ணிட்டாரு. அப்படியும் தொட்டி குறையுது, கீழ உள்ளவங்க தண்ணிக்கு அலையவும் இல்ல.

"அவங்க துவைக்கிறாங்க, குளிக்கிறாங்க. எப்படி? லாண்டரி இன்சார்ஜ் விஜயராணி அங்கதான் குடியிருக்கு. லாண்டரி வால்வு சாவி அதுகிட்ட. திருட்டு லைன் போட்டிருக்கு மேடம். லீக் இல்லைன்னு நீங்க எழுதிட்டா, இந்த வாரமே அதுக்கு வேலையும் கிடையாது, வீடும் கிடையாது."

அவர் கணக்குல தப்பு சொல்ல முடியல. ஆனா ஒரு பொம்பளையை வெளிய தள்ள என் கையெழுத்தா கெடைச்சுச்சுன்னு எரிச்சலா வந்துச்சு.

ரூம்ல தங்கியிருந்தவங்க எல்லாம் படகு சவாரிக்குப் போன நேரமாப் பார்த்து வேலையை ஆரம்பிச்சேன். லாண்டரி வால்வை மொதல்ல அடைச்சேன். அப்புறம் சமையக்கட்டு, ரூம், தோட்டம்னு ஒண்ணொண்ணா எல்லாத்தையும் அடைச்சாச்சு. இனி தொட்டியில ஒரு சொட்டு குறையக்கூடாது. குறைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்ப பைப்புதான் எங்கயோ உடைஞ்சு கெடக்கு.

மைக்கை வச்சு வராண்டா நெடுகப் போனேன். சமையக்கட்டுல எவனோ ரேடியோ போட்டான், போயி ஒரு சத்தம் போட்டு நிப்பாட்டுனேன். புதுசாக் கட்டுன கல்யாண ஹாலுக்குள்ள கால் வச்சதும் காதுல உஸ்ஸுன்னு கேட்டுச்சு. ஆனா மார்பிள் தரை சத்தத்தை நாலா பக்கமும் இழுத்துரும். எங்க தோண்டணும்னு அடிச்சுச் சொல்லணும்னா, தண்ணி எந்தப் பக்கமா வெளியேறுதுன்னு தெரியணும். மலையில தண்ணி போறதுக்குக் கீழதான வழி? குடியிருப்புக்கு இறங்குனேன்.

ஹால் இருக்கிற மேட்டைத் தாங்கிக்கிட்டு ஒரு பெரிய கல்சுவரு. அதோட அடியில ஒரு சின்னக் கல்லு நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சிருக்கு. கல்லுக்கு மேல சுவரு இடுக்குல இருந்து தண்ணி. மூங்கிலைப் பிளந்து சொருகியிருந்தாங்க, விரல் கனத்துக்கு ஊத்துது. ரெண்டு மூணு பொம்பளைங்க குடத்தோட நின்னாங்க. வெள்ளைச் சேலை மாதிரி வெளுத்த கையோட ஒரு அக்கா முன்னால வந்துச்சு. அதுதான் விஜயராணி.

"இது கன்னிமார் ஊத்துங்க. மாசிக்குப் பொறவு தானா வந்துச்சு. எங்க லயத்துக்கே இந்தப் பீலிதான்." அவங்க அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்துல இருந்து வந்தவங்க. வரிசை வீட்டை லயம்னும், தண்ணிக் குழாயைப் பீலின்னும்தான் சொல்லும்.

மூங்கிலுக்கு மேல, இடுக்குலயே கண்ணாடிக் குழாயை வச்சுப் பிடிச்சு, மருந்து ரெண்டு சொட்டு விட்டேன். குளோரின் போட்ட தண்ணியா இருந்தா மஞ்சளாகும். லேசா மஞ்சளாச்சு. எந்தச் சாமியும் குளோரின் போட்டுத் தண்ணி குடுக்காது.

மத்தவங்க போற வரைக்கும் நின்னுட்டு, அந்தக்கா கிட்ட வந்துச்சு. "எனக்குத் தெரியும், பிள்ளை. நாளெல்லாம் பிளீச்சிங்ல கெடக்கிறவ. மொத நாளே வாசம் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சேவா கல்லை நட்டீங்க?"

"நான்தான் நட்டேன். ஊத்துன்னா மேனேஜர் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவாரு. லீக்குன்னா அடைப்பாரு. சாமின்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்கல்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கிருச்சு. "அக்கா, உங்களைத் திருடின்னு சொல்லிக்கிட்டு இருக்காரு மேல. வேலை போகுது, வீடு போகுது. தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அவரு சொன்னபடியே எழுதிக் குடுத்துட்டுப் போங்க. என்னைய அனுப்பிட்டா நான் ஒருத்தி போவேன், எங்கயாச்சும் பொழைச்சுக்குவேன். இந்தத் தண்ணி நின்னா கைக்குழந்தைக்காரி எல்லாம் குடத்தோட ரோட்டுக்குல்ல போகணும்."

"அதெல்லாம் என்னால முடியாது"ன்னுட்டு விறுவிறுன்னு மேல ஏறிட்டேன்.

கல்சுவத்தடியில, சாமிக்கல்லுகிட்ட ஒழுகுற தண்ணின்னு சொல்லி, கண்ணாடிக் குழாயை மேனேஜர் மேஜையில வச்சேன். "அங்க மஞ்சள் பூசியிருப்பாங்களே மேடம், அந்தக் கலரா இருக்கும்"னாரு.

"மஞ்சள் பூசுனது கல்லுக்கு சார். நான் பிடிச்சது அதுக்கு மேல. உங்க தண்ணி உங்க ஹாலுக்கடியிலதான் போகுது. விஜயராணியக்கா ஒரு சொட்டு எடுக்கல. ஆனா கீழ கட் பண்ண லைனைத் திரும்பக் குடுங்க. குடுத்தாத்தான் இடத்தைக் குறிப்பேன்."

ரெண்டு வார்த்தை கூடுதலாப் பேசுவாருன்னு பார்த்தேன். "ஓ, ஷ்யூர் மேடம், அதுக்கென்ன"ன்னு உடனே பிளம்பரை அனுப்புனாரு. நானும் கூடவே இறங்கி, குடியிருப்புக் குழாயில தண்ணி வர்றதைக் கண்ணால பார்த்தேன். விஜயராணியக்கா குழாயையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம்தான் ஹாலுக்குப் போயி, கல்சுவத்துப் பக்கம் மார்பிள்ல சாக்பீஸால பெருக்கல் குறி போட்டேன். அதே இடத்துல உடைச்சாங்க, பைப்பு இணைப்பு விட்டுப்போயிக் கெடந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள மாத்திட்டாங்க. மேனேஜர் கைகுடுத்தாரு. விஜயராணி வேலையில எந்தப் பிரச்னையும் இல்லைன்னு என் முன்னாலயே சொன்னாரு.

எனக்கு ஒரே சந்தோசம். அதை விஜயராணியக்காகிட்ட சொல்லிட்டு பஸ் பிடிக்கலாம்னு கீழ இறங்குனேன்.

மூங்கில் காஞ்சு கெடந்துச்சு. அது தெரிஞ்சதுதான். குழாயடியில காலிக் குடம் வரிசையா நின்னுச்சு. திருகிப் பார்த்தேன், காத்துதான் வந்துச்சு. வந்த வேகத்துலயே மேல ஓடுனேன்.

"சீசன் மேடம்"னாரு மேனேஜர், கம்ப்யூட்டர்ல இருந்து கண்ணை எடுக்காம. "ஃபுல் புக்கிங். சீசன் முடியட்டும், குடுத்துருவோம்."

"வாக்குக் குடுத்தீங்களே சார்."

"குடுத்தேனே. நீங்களே பார்த்தீங்கல்ல?"

கத்துனேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்துனேன். என்ன கத்தி என்ன, அவருக்கு வேண்டியதை நான் ஏற்கெனவே குறிச்சுக் குடுத்தாச்சு. வாட்ச்மேன் வந்து, "கெளம்புங்கக்கா"ன்னு என் பையைத் தூக்குனான்.

கீழ வந்தப்ப விஜயராணியக்கா இடுப்புல ஒண்ணும் கையில ஒண்ணுமா குடத்தோட ரோட்டுக்குக் கெளம்பியிருந்துச்சு. எனக்கு அழுகையா வந்துச்சு. "உங்க வேலை நிலைச்சிருச்சுக்கா"ன்னேன். வேற என்ன சொல்ல?

"திருடியா இருந்தப்ப தண்ணி இருந்துச்சு, பிள்ளை. இப்ப நல்ல பேரு இருக்கு"ன்னுச்சு.

கோவமாக்கூடச் சொல்லல. மேடேற ஆரம்பிச்சுச்சு. நான் பின்னாலயே போயி, கையில இருந்த குடத்தை வாங்கிக்கிட்டேன்.